சப்பாத்தி வேண்டாம், சோறு போதும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை எனக்கு. தையல் பிரிவில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். கிராமத்து இளைஞர்களுக்காக 2014-ல் மத்திய அரசு தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா திட்டத்தில் தையல் பழகி, நேராக இங்கே வருபவர்களும் உண்டு. நம்மவர்கள் இவர்கள் எல்லோரையும் ஒரே ஊர்க்காரர்களாகப் பார்க்கிறார்கள். மனஸ்தாபங்களில் பாதி அதனால்தான் வருகிறது என்பது என் எண்ணம்.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கத்திக்காரர்கள் என்றால் சப்பாத்திதான் என்று முடிவு செய்து, விடுதி மெஸ்ஸில் இரண்டு வேளையும் அதையே போட்டார்கள். ஒடிசாப் பெண்கள் பாதியிலேயே தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள். "எவ்வளவு செஞ்சாலும் திருப்தி இல்லை" என்று பேச்சு கிளம்பியது. அவர்களோ சோறு தின்று வளர்ந்தவர்கள். அதில் ஒருத்தி ஒரு நாள் ராத்திரி மீந்த சோற்றைக் கேட்டு வாங்கித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். காலையில் உப்பு போட்டுக் கரைத்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் கடித்துக்கொண்டு, மசித்த உருளைக்கிழங்கோடு சாப்பிட்டாள். சமையல்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அட கண்ணு, பழைய சோறா! உங்க ஊர்லயும் இதுதானா?" என்று கேட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் மெஸ்ஸில் என்ன வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்க வரவில்லை. அக்காவும் பிள்ளைகளும் கையாலும் முகத்தாலும் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

ஜூன் நடுவில் இன்னொரு பிரச்சினை. ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒடிசாவின் கடலோர மாவட்டப் பெண்கள் மொத்தமாக லீவு கேட்டார்கள். "ஜூன் மாசத்துல என்னங்க நோம்பி?" என்றார் சூப்பர்வைசர். நோம்பிதான். ரஜ பர்வம் என்று மூன்று நாள். மழைக்கு முன்னால் பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று கருதி அந்த நாட்களில் நிலத்தை உழ மாட்டார்கள், தோண்ட மாட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கும் ஓய்வு. புதுத்துணி, காலில் சிவப்புச் சாயம், ஊஞ்சல், சுட்ட பலகாரம். மூன்று நாள் விலக்கி உட்கார வைக்கும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதே நாட்களைக் கொண்டாடும் ஊர் ஒன்று இருப்பது பெரிய சந்தோஷமாக இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்து, இரண்டு நாள் லீவு வாங்கிக் கொடுத்தேன். விடுதி வேப்பமரத்தில் கட்டிங் மாஸ்டரே கயிறு கட்டி ஊஞ்சல் போட்டுக் கொடுத்தார்.

வேலை நேரத்துப் பேச்சில் வேறு ஒரு கஷ்டம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புதுப் பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டுவார்கள். பெரியவர் கேட்கும்போது 'புரியவில்லை' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் ஓவர்லாக் தையல் கோணலாக வந்திருக்கும், சூப்பர்வைசர் கத்துவார். இப்போது அந்தக் கேள்வியையே விட்டுவிட்டோம். ஒரு வேஸ்ட் துணியைக் கொடுத்து, "நீ தைச்சுக் காட்டும்மா" என்கிறோம். கை சொல்லிவிடும்.

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்தது. போலீஸும் மறுத்தது. ஆனால் ஊரில் இருக்கும் அம்மாக்களுக்கு அதெல்லாம் போதவில்லை. மெஸ், மிஷின், கூட வேலை செய்யும் நம்ம ஊர் அக்காக்கள் என்று எல்லாவற்றையும் வீடியோ காலில் காட்டச் சொன்னோம். எங்கள் அக்காக்கள் தமிழிலேயே பேசினார்கள், அங்கே அம்மாக்கள் போஜ்புரியில் பதில் சொன்னார்கள். ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பி வந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இன்னும் தீராதது பீகார்க்காரர்கள் சூரியனை வழிபடும் சத் பூஜை. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வருகிறது. வீட்டில் அம்மா சுமார் 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்து, அஸ்தமன சூரியனுக்கும் மறுநாள் உதய சூரியனுக்கும் அர்க்கியம் கொடுப்பார். மகன் பக்கத்தில் இல்லாமல் எப்படி? நம் தீபாவளி லீவு அதற்குள் முடிந்துவிடுகிறது. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான். அதனால் ஆகஸ்டிலேயே லீவை உறுதி செய்தால்தான் பையன்கள் டிக்கெட் போட முடியும். பீகார் பையன்களுக்கு மட்டும் தீபாவளி லீவை ஒரு வாரம் நீட்டச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். புரொடக்‌ஷன் மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்பேன்.