காரிமங்கலத்தில்: ஒரு கட்டற்ற செயலிக்குத் தமிழ் சேர்த்த அனுபவம்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கும் நாங்கள் சிலர், ஆண்ட்ராய்டில் ஓடும் ஒரு கட்டற்ற (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்துவைத்த) வழிகாட்டிச் செயலிக்குத் தமிழ் சேர்த்தோம். நிரல் எழுதத் தெரிந்தவர்களும் தடுக்கி விழுகிற இடங்கள் இதில் உண்டு. அடுத்து வருகிறவர்கள் அங்கேயே விழ வேண்டாம் என்று எழுதுகிறோம்.

தொடங்குமுன் ரெப்போவில் (நிரல் கோப்புகளின் களஞ்சியத்தில்) உள்ள பங்களிப்பு வழிமுறைக் கோப்பை முழுக்கப் படியுங்கள். மொழிபெயர்ப்பை, வலையிலேயே மொழிபெயர்க்க உதவும் வெப்லேட் போன்ற தளத்தில் வாங்குகிறார்களா, புல் ரிக்வெஸ்ட்டாக (நம் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கையாக) வாங்குகிறார்களா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். வெப்லேட் வைத்திருக்கும் திட்டத்துக்குக் கோப்பைத் திருத்தி நேராக அனுப்பினால், அங்கிருந்து வரும் மாற்றங்களோடு மோதும், ஏற்காமல் மூடிவிடுவார்கள். நாங்கள் எடுத்தது புல் ரிக்வெஸ்ட் வாங்கும் திட்டம்.

குளோன் (ரெப்போவின் நகல்) எடுக்கும்போது ஆழம் (டெப்த்) 1 என்று கொடுத்தால் பழைய வரலாறு இறங்காது, மொபைல் டேட்டா மிச்சம். ஆனால் பின்னால் ரீபேஸ் செய்யும்போது (நம் மாற்றங்களைப் புதிய நிரலின் மேல் மறுபடி வைக்கும்போது) இரு கிளைகளும் பிரிந்த கமிட் (பதிவான மாற்றம்) கிடைக்காமல், வரலாற்றைக் காக்கும் கிட் கருவி திணறக்கூடும். அப்போது விடுபட்ட வரலாற்றையும் இறக்க வேண்டியதுதான். மெயின் என்ற முதன்மைக் கிளையைத் தொடாமல் தனிப் பிராஞ்ச் (கிளை) போடுங்கள். கமிட்டோடு போகும் மின்னஞ்சல் முகவரி எல்லோர் கண்ணிலும் படும், பிறகு அழிப்பது பெரும்பாடு. ரெப்போ இருக்கும் கிட்ஹப் தளம் தரும் மறைமுகவரியை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

இனிதான் உண்மையான வேலை. ஆங்கில வாக்கியத்தில் ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறி, ஓர் எண், டாலர் குறி, ஓர் எழுத்து என்று சேர்ந்த இடக்குறி இருக்கும். செயலி ஓடும்போது பெயர் அங்கே வந்து உட்காரும். அதன் பின்னால் ‘இல்’ ஒட்டினால் ஓசூர்இல், பாலக்கோடுஇல், காரிமங்கலம்இல் என்று வந்து நிற்கும். நாம் சொல்வதோ ஓசூரில், பாலக்கோட்டில், காரிமங்கலத்தில். தர்மபுரிக்கு நடுவில் யகரம் வேண்டும். நான்கு ஊருக்கு நான்கு விதம். அதனால் பெயரின் உருவை மாற்றாத சொற்களைத் தேடினோம். ‘வரை’, ‘வழியாக’ இரண்டும் அப்படிப்பட்டவை: பாலக்கோடு வரை, காரிமங்கலம் வழியாக. அவை பொருந்தாத இடத்தில் ‘அடுத்த ஊர்: காரிமங்கலம்’ என்று பிரித்து வைத்தோம். ‘என்ற இடத்தில்’ என்பதும் இலக்கணப்படி சரிதான். ஆனால் தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாய் இறங்குகிறவருக்கு அத்தனை நீளமாகக் குரலில் சொன்னால் அதற்குள் திருப்பம் வந்துவிடும்.

ஒரே வாக்கியத்தில் தூரமும் ஊரும் வந்தால் ஆங்கிலத்தில் தூரம் முதலில் இருக்கும். தமிழில் ‘பாலக்கோடு வரை 5 கிலோமீட்டர்’. இடக்குறிக்குள் இருக்கும் எண்ணை மாற்றாமல் இடக்குறியை அப்படியே முன்பின்னாக வையுங்கள். டாலர் குறி ஒன்று தவறிப்போனாலும் அந்தத் திரையைத் திறக்கும்போது செயலி நின்றுவிடலாம். தமிழில் வைத்திருக்கும் போனில் மட்டும் அது நடக்கும் என்பதால் மெயின்டெய்னர் (திட்டத்தைப் பராமரிப்பவர்) கண்ணில் படாது. இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறில்லை.

தனிச்சொற்களும் ஏமாற்றும். ‘ரைட்’ என்பது வலதா, சரியா? ‘ஓப்பன்’ என்பது ‘திற’ என்ற கட்டளையா, கடை திறந்திருக்கிறது என்ற நிலையா? அந்த வரியின் அடையாளப் பெயரை நிரலுக்குள் தேடி, எங்கே பயன்படுகிறது என்று பார்த்தபின் எழுதுங்கள். ஒருமை, பன்மை இரண்டுக்கும் தனிக் கட்டம் இருக்கும். தமிழில் ‘1 கிலோமீட்டர்’, ‘5 கிலோமீட்டர்’ என்று ஒன்றுபோல இருந்தாலும் இரண்டையும் நிரப்புங்கள்.

பொம்மிடி என்று தேடினால் கிடைக்காத சிக்கல் ஒன்று உண்டு. ‘பொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடலுக்கு இரண்டும் வேறு. அனுப்புமுன் யூனிகோட் இயல்பாக்கம் செய்துவிட்டால் இரண்டாக இருப்பது ஒன்றாகிவிடும். ஔகாரத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருந்தால் இயல்பாக்கம் காப்பாற்றாது, கையால்தான் திருத்த வேண்டும்.

பில்ட் எடுத்து (நிரலைச் செயலியாக்கி), போனைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவைப் பெரிதாக்கி எல்லாத் திரையையும் பாருங்கள். ‘பதிவிறக்கம் செய்யவும்’ பட்டனில் பாதியோடு வெட்டுப்படும், ‘பதிவிறக்கு’ போதும்.

அனுப்புமுன் டிஃப் (எந்தெந்த வரி மாறியது என்ற பட்டியல்) பாருங்கள். விண்டோஸ் எடிட்டர் வரிமுடிவுகளை மாற்றிவிட்டால், ஒரு வரி திருத்தினாலும் முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டும். அதை யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள். மெயின்டெய்னருக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொண்டு, வாக்கிய அமைப்பை ஏன் மாற்றினோம் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, திரைப்பிடிப்பும் சேருங்கள். திருத்தம் கேட்டால் அதே பிராஞ்சில் புஷ் செய்யுங்கள் (ஏற்றுங்கள்), புதிய புல் ரிக்வெஸ்ட் வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அவர்களும் சொந்த நேரத்தில் செய்கிறவர்கள்.

மெர்ஜ் ஆகி நம் மாற்றம் சேர்ந்த பின்னும் சில ஊர்கள் ஆங்கிலத்திலேயே தெரியும். செயலி வரைபடத்தை, எல்லோரும் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுக்கிறது. அங்கே அந்த ஊருக்குத் தமிழ்ப் பெயர்ப் புலம் காலியாக இருக்கும். ஊர்ப் பலகையைப் பார்த்து அந்தப் புலத்தை நிரப்புங்கள். கூகுள் மேப்ஸிலிருந்து பார்த்து எழுதுவதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அனுமதிப்பதில்லை.