பழுப்பு படிந்தால் சந்தோஷம்

வைகையில் சாம்பிள் எடுக்கப் போகிறவனுக்கு முதல் சிக்கலே தண்ணீர்தான். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மதுரைக்குள் அது ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அணையில் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேற்கே நல்ல மழை பெய்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் ஏ.வி. பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் நாணல், ஆகாயத்தாமரை, மேயும் மாடுகள், நடுவில் கறுப்பாக ஒரு ஓடை. அந்த ஓடையும் ஆற்றுத் தண்ணீர் இல்லை. இரண்டு கரையிலிருந்தும் வாய்க்கால்கள் கொண்டுவந்து விடும் கழிவு. அதில்தான் முக்கி எடுப்போம். பாட்டிலில் மட்டும் 'வைகை ஆறு' என்று லேபிள் ஒட்டுவோம்.

மதுரையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். போர்வெல் தண்ணீர், ஆலைக் கழிவு, சாக்கடை என்று எல்லாம் வரும். பாதி வேலை கூடத்துக்குள், பாதி வேலை வாய்க்கால் ஓரத்தில். ஆறு கெட்டுப்போனதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆற்றையே பார்த்துக்கொண்டு பேசுவார்கள். எனக்கு அந்த வேலை பழக்கியது வேறு மாதிரி: ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சோதிக்கும் வேலையில் பாதியைக் கரையிலேயே முடித்துவிட வேண்டும். 300 மில்லி கண்ணாடி பாட்டிலைக் குமிழி விழாமல் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட் கரைசலையும் கார அயோடைடு கரைசலையும் பிப்பெட்டின் நுனி உள்ளே அமிழ்ந்திருக்க விட்டு, மூடியை அழுத்திக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துவோம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் ஒரு படிவு உருண்டு திரண்டு கீழே இறங்கும். இல்லாவிட்டால் படிவு வெள்ளையாகவே நிற்கும். மதுரை வெயிலுக்கு நல்ல தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் போல ஆக்சிஜன் கரையும். குளிக்கிற ஆற்றுக்குக் குறைந்தது 5 இருக்க வேண்டும். வாய்க்கால் வந்து விழும் இடங்களில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வெள்ளை.

ஒருமுறை கரையில் துணி அலசிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் அந்த பாட்டிலை எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பால் மாதிரி வந்துருச்சு. தண்ணி நல்லாத்தான இருக்கு?" என்றார்.

"இல்லக்கா, பழுப்பா வந்தாத்தான் நல்லது."

"எல்லாத்தையும் தலகீழாச் சொல்றீங்க" என்று சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் ஊரே முடிவுக்கு வருகிறது. ஆக்சிஜன் இல்லை என்று யாரும் புகார் கொடுப்பதில்லை. நிறம் மாறினால் கொடுப்பார்கள். வாய்க்காலில் ரோஸ் கலரில் தண்ணீர் ஓடினால் அரை மணி நேரத்தில் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றிவிடும்.

அப்படி ஒரு போட்டோவுக்குப் பிறகுதான் எங்களை ஒரு வாய்க்காலுக்கு அனுப்பினார்கள். எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டத்துக்கு எதிராக நடந்து, ஒவ்வொரு குழாய் வாயிலும் நின்று பார்ப்பதுதான் முறை. ஆனால் சாயத் தொட்டியைத் திறந்துவிட்டால் காலியாகக் கொஞ்ச நேரம்தான் ஆகும். நாம் நடந்து மேலே போவதற்குள் நிறம் நம்மைக் கடந்து கீழே போயிருக்கும். அன்றும் அதுதான் நடந்தது. சரி என்று நிறத்தை விட்டுவிட்டுக் கண்டக்டிவிட்டி மீட்டரை எடுத்தோம். தண்ணீரில் உப்பு ஏற ஏற அதில் எண் ஏறும். வீட்டுச் சாக்கடைக்கு ஓரளவுக்கு மேல் ஏறாது. சாயநீர் கலந்தால் எகிறிவிடும். எண் எகிறிய சந்துக்குள் திரும்பினால், மூங்கில் கழிகளில் நூல் சிட்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் கருநீலம். ரோஸ் காலையிலேயே முடிந்துவிட்டதாம்.

பட்டறைக்காரர் எதையும் மறைக்கவில்லை. வயதானவர், அப்பா காலத்துத் தொழில். "உப்பு போடாம நூல்ல சாயம் ஏறாது தம்பி. அழுத்தமான கலர்னா இன்னும் கூடப் போடணும்" என்றார். உண்மைதான். பருத்தி நூலுக்கு இப்போது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். தண்ணீருக்குள் நூலும் சாயமும் ஒரே மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை நூல் பக்கம் ஒட்டவைப்பது உப்பு. நிறத்தைப் பொறுத்து ஒரு லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 80 கிராம் வரை போடுவார்கள். வேலை முடிந்ததும் சாயத்தில் பெரும்பகுதி நூலோடு போய்விடும். உப்பு ஒரு கிராம் கூட நூலில் தங்காது. அத்தனையும் கழிவில்தான் வெளியே வரும்.

சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைப் படியவைத்துவிடலாம். தண்ணீர் தெளிந்து தெரியும், போட்டோ எடுக்க ஆள் வராது. ஆனால் உப்பு அப்படியே இருக்கும். சில சமயம் முன்னைவிடக் கூடும். அந்தத் தண்ணீர் கீழே ஒரு கண்மாய்க்குப் போனால் பாதிப்பு வயலுக்கு. வெளியேற்றும் கழிவில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 30 கிராம் என்பது 30,000 மில்லிகிராம். அலசின தண்ணீரெல்லாம் சேர்ந்து எவ்வளவுதான் நீர்த்தாலும் கணக்கு லேசில் இடிக்காமல் போகாது.

அந்த ரோஸ் தண்ணீரை வாட்ஸ்அப் போட்டோவுக்கு முன்பே யாரோ ஒருவர் பாட்டிலில் பிடித்து வைத்திருந்தார். அதையும் சோதித்தோம். பி.ஓ.டி. சாதாரணச் சாக்கடையைவிடக் குறைவாக வந்தது. பி.ஓ.டி. என்பது கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்ற அளவு. நம் ஊரில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்போம். எண் குறைந்தால் தண்ணீர் நல்லது என்று நினைப்போம். சாயக்கழிவில் அதை நம்ப முடியாது. தின்ன முடியாத பொருள் நிறைய இருக்கும், சில சமயம் தின்ன வந்ததே செத்துப்போயிருக்கும். சி.ஓ.டி. என்ற இன்னொரு சோதனையில் எல்லாவற்றையும் ரசாயனத்தால் எரித்துப் பார்ப்போம். அதில் குட்டு வெளிப்பட்டுவிடும். அன்றும் வெளிப்பட்டது.

உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும், மிஞ்சுவதை வற்றவைக்க எவாப்பரேட்டர் வேண்டும். திருப்பூரில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே பல ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருந்தன. இங்கே இரண்டு தொட்டி, நாலு ஆள், ஒரு தகரக் கொட்டகை. "என் பட்டறைய வித்தாலும் அந்த மிசினு வராது தம்பி" என்றார் அவர். அதுவும் உண்மை. அதற்காகக் கண்மாய்க்காரர் உப்பைச் சுமக்க வேண்டும் என்பதில்லை. சிதறிக் கிடக்கும் பட்டறைகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து பொது நிலையம் கட்டாமல், தனித்தனியாக நோட்டீஸ் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. நோட்டீஸ் வந்தால் பகல் தொட்டி ராத்திரித் தொட்டியாக மாறும், அவ்வளவுதான்.

சாயத்தைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், மதுரைக்குள் வைகையைக் கெடுப்பதில் பெரும்பங்கு சாயத்துக்கு இல்லை என்பேன். அந்தப் பெருமை சாம்பல் நிறத் தண்ணீருக்கு. நம் வீட்டுத் தண்ணீர். அதற்குப் புகாரே வராது, ஏனென்றால் அது எப்போதுமே அப்படித்தான் ஓடுகிறது. வடகரையில் செல்லூர்ப் பக்கமிருந்து வரும் பந்தல்குடி வாய்க்கால் கண்மாய்களின் மிகுதி நீரை ஆற்றில் சேர்க்க இருந்தது. தென்பக்கம் கிருதுமால் ஒரு நதியே. மச்சாவதாரத்தில் மீன் வந்து கையில் ஏறியது இந்தக் கிருதமாலையில்தான் என்று புராணம். இன்று அதன் மேல் உள்ள பாலங்களைக் கடக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

சாக்கடைக்கும் நேரம் உண்டு. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை ஊரே குளிக்கும், துவைக்கும், பாத்திரம் கழுவும். வாய்க்கால் அப்போது நுரைத்துக்கொண்டு நிரம்பி ஓடும். வண்டி ஏற்பாடாகி, கையெழுத்து வாங்கி, ஐஸ் பெட்டியோடு சாம்பிள் எடுக்கும் ஆள் போய்ச் சேரும்போது பதினொன்றரை. வெள்ளம் வடிந்திருக்கும். அறிக்கையில் தேதி இருக்கும், மணி இருக்காது. அதிகாலையில் போக ஆரம்பித்த பிறகு அதே இடத்தில் எங்களுக்கு வந்த எண்கள் வேறு ரகம்.

சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் எல்லாம் மாறும். அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் திறப்பார்கள். வாய்க்கால் வாய்களில் மணல் மூட்டை அடுக்கி, கழிவை மோட்டார் வைத்துப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்புவார்கள். அந்த நாலைந்து நாள் பாட்டிலில் பழுப்பு படியும். எங்களுக்கு அது ஒரு தனி சந்தோஷம். திருவிழாவுக்குத் திருப்ப முடிகிற கழிவை மற்ற நாளில் ஏன் திருப்ப முடியாது என்று கேட்டால், வாடகை மோட்டார், டீசல் என்று பதில் வரும்.

திருப்பினாலும் கணக்கு முடிந்துவிடாது. சுத்திகரித்த கழிவை ஆற்றில் விட பி.ஓ.டி. அளவு பொதுவாக லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை. குளிக்கத் தகுந்த ஆற்றுக்கு 3. இடையில் உள்ள வித்தியாசத்தை ஆற்றுத் தண்ணீர் நீர்த்துத் தர வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. ஆற்றில் பி.ஓ.டி. 1 உள்ள நல்ல தண்ணீர் ஓடினால், 30 உள்ள ஒரு லிட்டரை 3-க்குக் கொண்டுவர 13, 14 லிட்டர் வேண்டும். கோடையில் வைகையில் அந்த 14 லிட்டர் எங்கே? ஒன்று இன்னும் நன்றாகச் சுத்திகரிக்க வேண்டும், அல்லது ஆற்றில் விடாமல் பாசனத்துக்குக் கொடுக்க வேண்டும். நிலத்துக்கு விட 100 வரை விதியே அனுமதிக்கிறது. அவனியாபுரம் பக்கம் சாக்கடைத் தண்ணீரில் புல் வளர்த்து மாட்டுக்குப் போட்ட ஊர்தானே இது, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் அவனியாபுரத்திலோ சக்கிமங்கலத்திலோ உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு முதலில் கழிவு போய்ச் சேர வேண்டும். அது போகாமல் நிற்பது வீட்டு வாசலில். பழைய குடியிருப்பு ஒன்றில், தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் இருந்தும் மழைநீர் வடிகாலில் விட்டிருந்த ஒரு வீட்டுக்காரரிடம் ஏன் சார் இணைப்பு எடுக்கவில்லை என்று கேட்டேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். வாசலிலிருந்து மூன்று படி கீழே இறங்கினால்தான் கூடம். "நான் கட்டுறப்போ இது ரோட்டுக்கு மேல இருந்துச்சு. ரோடு போட்டுப் போட்டு நாங்க பள்ளத்துல கிடக்கோம். கக்கூஸ் குழாய் தெருக்குழாய்க்கு எப்படிங்க ஏறும்?" வடிகால் ஆழமாக இருந்ததால் அதில் விட்டுவிட்டார். மழை பெய்தால் அதே தண்ணீர் திரும்பி அவர் கூடத்துக்கே வருகிறது.

அந்தத் தெருவில் அப்படிப் பள்ளத்தில் கிடப்பது அவர் வீடு மட்டுமில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று அரசு உத்தரவே இருக்கிறது. வைகைக்குத் திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் அந்த உத்தரவையும் ஒரு பக்கத்தில் சேர்த்து, பள்ளத்து வீடுகளுக்கு நாலைந்து வீட்டுக்கு ஒன்றாகச் சின்ன ஏற்றுத் தொட்டியும் மோட்டாரும் வைக்கப் பணம் ஒதுக்கலாம். கரையோரம் நடைபாதைக்கும் விளக்குக்கும் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக எனக்குத் தோன்றவில்லை.