150 கிராமுக்கு ஐந்து வாய்தா

காட்பாடி ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கடைக்கு எதிரே ஒரு பையனைப் பிடித்தார்கள். இருபது வயதுதான் இருக்கும். பையில் பேப்பரில் சுற்றிய கஞ்சா. பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்தார்கள், 150 கிராம். "மகஜருக்கு ரெண்டு சாட்சி வேணும்க்கா" என்றார் காவலர். எதை, எவ்வளவு கைப்பற்றினார்கள் என்று எழுதும் பத்திரம்தான் மகஜர். மளிகைக்கடை அண்ணன் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. படிக்காமல் போட்டேன். நீங்கள் அப்படிப் போடாதீர்கள். ஒரு வரி விடாமல் படியுங்கள், எடை எழுதிய இடத்தைக் கண்ணால் பாருங்கள். பிறகு கூண்டில் ஏறிப் பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.

இரண்டு வருடம் கழித்து சம்மன் வந்தது. போகாமல் இருக்க முடியாது, வாரண்ட் வரும். கடையைப் பூட்டிவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். முதல் தடவை வக்கீல்கள் புறக்கணிப்பு. அடுத்த தடவை பையன் வரவில்லை. மூன்றாவது தடவை ஆய்வக அறிக்கை வந்து சேரவில்லை. நான்காவது தடவை மாலை வரை உட்கார்ந்தும் எங்கள் வழக்கைக் கூப்பிட நேரமில்லை. ஐந்தாவது வாய்தாவில்தான் கூண்டில் ஏறினேன்.

ஒவ்வொரு தடவையும் வராந்தாவில் அதே முகங்கள். வழக்குப் போட்ட எஸ்.ஐ. இதற்குள் திருப்பத்தூருக்கு மாறுதலாகிப் போயிருந்தார், அங்கிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருவார். கூட இரண்டு காவலர்கள். மூன்று பேர், ஐந்து நாள். 150 கிராமுக்காக 15 போலீஸ் நாட்கள். நீதிமன்றத்தின் நேரம், ஆய்வகத்தின் வேலை, அரசு வக்கீலின் சம்பளம் எல்லாம் தனி. இதை யாராவது கணக்கு எழுதுகிறார்களா? ஆந்திராப் பக்கமிருந்து ரயிலிலும் சித்தூர் ரோட்டிலும் மூட்டை மூட்டையாக வருகிறதே, அந்த 15 நாளும் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியில் நின்றிருந்தால் அதில் ஒன்றாவது சிக்கியிருக்கும் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். கஞ்சா ஊருக்குள் வரக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. எனக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உண்டு.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "பூவா, இலையா?" 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப் பகுதிதான். நுனி சேராத வெறும் இலையும் விதையும் அதில் வராதாம். எனக்கென்ன தெரியும்? "வாசனை வந்ததுங்க, மத்தது தெரியாது" என்றேன்.

காத்திருந்த நேரத்தில் ஒரு இளம் வக்கீல் எனக்கு விளக்கினார். ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஓர் ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2014-க்கு முன்பு ஆறு மாதம்தான். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது பத்து வருடம். கூடவே 64ஏ என்று ஒரு பிரிவும் உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிய அளவோடு பிடிபட்டு, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு கிடைக்கும். பையனின் அம்மாவிடம் கேட்டேன். இரண்டு வருடமாக யாருமே அதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

கடைசியில் அபராதம் போட்டார்கள். நகையை அடகு வைத்துக் கட்டியதாக அந்த அம்மா சொன்னார். "கட்டிட்டேன்மா, ஆனா அவன் இன்னும் அதை விடலையே. அதுக்கு எங்க போறது?"

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் போகும் பஸ் வருகிற வரைக்கும் அவர்களோடு நின்றேன்.