பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

இறந்தவரின் 31ஆம் நாள் பூசைக்கு அடிக்கிற நினைவு மலரில் பிள்ளைகளின் பெயர்ப் பக்கம் அச்சகக்காரனான எனக்கு அரை மணி நேர வேலை. இறந்தவர் பெயருக்கு முன்னால் சின்னச் சிலுவை, மருமக்கள் அடைப்புக்குறிக்குள், வெளிநாட்டில் இருந்தால் நாட்டின் பெயர். அவ்வளவுதான். அந்த அம்மாவின் மலரில் மட்டும் அந்தப் பக்கம் இன்னும் என்னை விடவில்லை.

மகள் ஒரு சீ.ஆர். கொப்பியில் அம்மாவின் வாழ்க்கையை எழுதிக் கொண்டுவந்திருந்தார். வழக்கமாக 'இன்முகம், விருந்தோம்பல், இறைபக்தி' என்று எழுதித் தருவார்கள். யாருக்கும் பொருந்தும். இது அப்படியில்லை. பிறந்தது 1930இல். 1942 ஏப்ரலில் யப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்திலும் பக்கத்துச் சீனன்குடாவிலும் குண்டு போட்ட அன்று கட்டிலுக்கடியில் கிடந்து செபமாலை சொல்லி, 153 மணியும் முடிந்த பிறகுதான் வெளியே வந்தாராம். 1957இல் வெள்ளைக்காரக் கடற்படை போனதும் கணவருக்கு டொக்யாட்டில், அவர்களின் கப்பல் பட்டறையில், இருந்த வேலை போய்விட்டது. ஊர்ப் பிள்ளைகள் முதன்முதல் நன்மை வாங்கும் நாளுக்குப் புதுநன்மைச் சட்டை தைத்தே தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பூசை தமிழுக்கு மாறிப் பல வருடங்கள் கழித்தும் குசினியில் 'தாந்தும் எர்கோ' என்ற இலத்தீன் பாட்டைப் பாடிக்கொண்டு ரொட்டி சுடுவாராம். வெட்ட மனம் வராமல் 16 பக்கம் 20 ஆனது. நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நாலு நாலு பக்கமாகத்தான் கூடும். மீதி இடத்தில் செபமாலைத் தேவ இரகசியங்களைப் போட்டேன். கடதாசி விற்ற விலைக்கு அந்த நாலு பக்கத்துக்கும் காசு வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் ஏழு பேர். இரண்டாவது மகள் குழந்தையிலேயே காய்ச்சலில் போய்விட்டவர். ஐந்தாவது மகன் 1990இல் வேலைக்குப் போனவர், வரவில்லை. போரில் ஆட்கள் காணாமல் போன வருடம் அது. இங்கே 1990 என்றால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

கனடாவிலிருந்து மூத்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் இருவருக்கும் சிலுவை இருந்தது. அப்படியே போட்டேன். புரூஃப் பார்த்த மகள் ஐந்தாவது மகனின் வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, இதை எடுத்துவிடுங்கோ."

"அண்ணை அனுப்பினதுதான் அக்கா."

"அண்ணைக்கு என்ன தெரியும்? அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினவ. நவம்பர் ரெண்டில சேமக்காலைக்குப் போய் அப்பாவுக்கும் அக்காவுக்கும் கொளுத்துவா. அவனுக்கு ஒருநாளும் கொளுத்தயில்லை. இப்ப அம்மாவின்ர புத்தகத்திலயே அவனைச் சாகடிக்கிறதோ?"

நவம்பர் இரண்டு, இறந்தவர்களுக்காகச் சேமக்காலையில், அதாவது கல்லறைத் தோட்டத்தில், மெழுகுதிரி கொளுத்தும் நாள். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். எந்தச் செவ்வாய்க்கிழமை எதற்கென்று விளக்கத் தேவையில்லை.

மூத்தவரை அழைத்தேன். கதையை முடித்துவிடத்தான் பார்க்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. "அம்மாவுக்காக இவ்வளவு காலமும் பொறுத்தனான். சிலுவை இல்லாட்டி 31ஆம் நாள் பூசையில அவன்ர ஆத்துமாவை ஆர் நினைப்பினம்? அவனுக்கும் செபம் வேண்டாமோ?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. காசு தருபவர் மூத்தவர், அவர் சொல்தான் சொல் என்பது அச்சகத்து நியாயம். கடைசி வரை அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் மகள். பாதரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் ஒரு பதில் சொல்லிவிடுவார், பிறகு இருவரில் ஒருவர் தோற்க வேண்டும்.

இரண்டு சிலுவையையும் எடுத்துவிட்டேன். 'பக்கத்துக்கு அதுதான் வடிவு' என்று இருவருக்கும் சொன்னேன். மரணச் சான்றிதழ் இல்லாமலே, காணாமல் போனவர் என்று சான்றிதழ் எடுக்க 2016இல் சட்டம் வந்தது. அரசாங்கமே நடுவில் ஒரு கட்டம் போட்டிருக்கும்போது நான் போட்டால் என்ன என்று நினைத்தேன். பெரிய கெட்டித்தனம் என்றும் பட்டது. அம்மா அந்தச் சான்றிதழையும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டவர் என்பது அப்புறம்தான் தெரியும்.

31ஆம் நாள் பூசை முடிந்து மலரைப் புரட்டிய ஒருவர் மகளிடம், "உங்கட இரண்டாவது அக்கா இப்ப எந்த நாட்டில?" என்று கேட்டாராம். மகள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒருவரை உயிரோடு வைத்திருக்க, நிச்சயமாக இறந்த ஒரு குழந்தையையும் அல்லவா உயிரோடு ஆக்கிவிட்டேன்? அதனால் யாருக்கு என்ன கெட்டுப்போனது என்றும் கேட்டுக்கொள்கிறேன். சண்டையில்லாமல் பூசை நடந்தது, அண்ணனும் தங்கையும் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அம்மா இருந்திருந்தால் இதை ஏற்றிருப்பாரா? அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக மெழுகுதிரி வைத்தவர். எல்லோரையும் ஒன்றாக்கியது என் வசதிக்கு.

இப்போது வருட நினைவுக்கு அட்டை அடிக்க வேண்டுமாம். மூத்தவர் இந்த முறை பட்டியல் அனுப்பவில்லை. 'போன தடவை மாதிரியே போடுங்கோ' என்று மட்டும் எழுதியிருக்கிறார். மகளோ, சின்னதில் போன அக்காவுக்குச் சிலுவையைத் திருப்பிப் போடச் சொல்கிறார். அக்காவுக்கு மட்டும். அட்டை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.