உலாவி வழியே ஒரு சர்வரைப் பராமரித்தல்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினிக் கூடத்தில் இயங்கும் லினக்ஸ் சர்வரை, பட்டர்வொர்த்தில் உள்ள என் வீட்டிலிருந்து, உலாவியிலேயே சர்வரை நிர்வகிக்க உதவும் காக்பிட் என்ற மென்பொருள் வழியாகவே கவனித்து வருகிறேன். இதே வேலைக்காக 1997-இல் ஜேமி கேமரன் வெளியிட்ட வெப்மின் என்ற மென்பொருள் இன்றும் பயனுள்ளதுதான். பைண்ட் (இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தருவது), அப்பாச்சி (இணையப் பக்கங்களை வழங்குவது) போன்ற சர்வர் மென்பொருள்களின் அமைப்புக் கோப்புகளைப் படிவங்கள் மூலமே திருத்த அது உதவுகிறது. ஆயினும் என் மனம் காக்பிட்டையே நாடுகிறது. அதற்கெனத் தனிப் பயனர் பட்டியல் தேவையில்லை. சர்வரில் ஏற்கெனவே உள்ள கணக்கைக் கொண்டே நுழைகிறோம். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியுடன் அது நேரடியாகப் பேசுவதால், கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் நான் நிறுத்திய சேவை உலாவியிலும் உடனே நின்றதாகத் தெரிகிறது. யாரும் இணையாத வேளையில் காக்பிட்டுக்கான 9090 போர்ட்டில் (இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாயில்) சிஸ்டம்டியின் சாக்கெட் (இணைப்பை எதிர்பார்த்திருக்கும் முனை) மட்டுமே காத்திருப்பதால், பழைய கணினியின் நினைவகமும் வீணாவதில்லை.

கணினியின் செயல்திறன் அளவுகளைப் பதிந்துவைக்கும் பிசிபி தொகுப்பையும் சேர்த்து நிறுவினால், கடந்த நாள்களின் சிபியு, நினைவகம், வட்டு, வலையமைப்புப் பயன்பாடுகள் வரைபடமாகக் கிடைக்கும். “நேற்று மதியம் ஏன் இவ்வளவு மெதுவாக இருந்தது, சார்?” என்று ஆசிரியை கேட்கும்போது, ஊகிக்காமல் அந்த நேரத்து வரைபடத்தையும் சர்வரின் பதிவுகளையும் (லாக்) பார்த்தே விடை சொல்ல முடிவது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. ஆனால் 9090 போர்ட்டை இணையத்துக்கு நேரே திறந்துவிடக் கூடாது. விபிஎன் அல்லது எஸ்எஸ்எச் சுரங்கம் என்னும் மறைகுறியாக்கப்பட்ட பாதை வழியாகவே அதை அணுகுமாறு பள்ளியில் ஏற்பாடு செய்திருக்கிறேன்.