தண்ணிக்கு வாசல்

முதுகுளத்தூர்ப் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டும் வேலையில் களப் பொறியாளராகச் சேர்ந்தபோது எனக்கு 24 வயது. முதல் குட்டையை ஓர் அப்பத்தாவின் ரெண்டு ஏக்கர் மிளகாய்க் காட்டில் வெட்டினோம். நூறடிக்கு நூறடி, ஐந்தடி ஆழம். பக்கச் சரிவு போக 11 லட்சம் லிட்டராவது பிடிக்கும் என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் குட்டைக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வெளியே மேற்குக் கரையை ஒட்டி முழங்கால் அளவுக்குத் தேங்கி, கரையைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெட்டிய மண்ணை நாலு பக்கமும் ஒழுங்காகக் கரை கட்டியவன் நான்தான். அப்பத்தா திட்டவில்லை.

"குழிய வெட்டிட்டீக தம்பி, தண்ணிக்கு வாசல் வைக்கலையே."

ராமநாதபுரத்துக் கரிசல் பூமி, கடல் பக்கம் பார்த்து லேசாகச் சரியும் சமதரை. கண்ணுக்கு மேடு பள்ளமே தெரியாது. அரையடி வித்தியாசத்தில் ஓட்டம் திசை மாறிவிடும். நான் வெயில் நாளில் லெவல் கருவியோடு வந்தவன். அவரோ சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அத்தனை மழையிலும் வரப்பில் நடந்தவர். அன்றைக்கே மேற்குக் கரையை மூன்றடி அகலத்துக்கு வெட்டித் திறந்தோம். மண் அரிக்காமல் இருக்கக் கல் பாவினோம். வண்டல் தங்க முன்னால் ஒரு சின்னக் குழியும் எடுத்தோம். அப்புறம் நான் குட்டைக்கு இடம் பார்க்கப் போனதெல்லாம் மழையில்தான்.

கார்த்திகையில் குட்டை முக்கால்வாசி நிறைந்தது. இங்கே பெருமழை அதோடு சரி. ஆனால் குண்டு மிளகாய் காய் பிடிப்பது தை, மாசியில். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய்தான், ஆனாலும் தை மாதத்து நில வெடிப்புக்கு அதெல்லாம் தெரியுமா? ஏக்கருக்கு ஓரங்குலம் பாய்ச்சவே ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். வெயில் வேறு நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் போல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எல்லாம் கழித்துப் பார்த்தால் ரெண்டு தண்ணீர் விடலாம்.

ரெண்டாவது தண்ணீர் விட்ட அன்று சாயங்காலம், அடியில் இன்னும் முழங்கால் அளவு கிடக்கும்போதே அப்பத்தா இன்ஜினை நிறுத்தச் சொன்னார். கடைசி நாலு பாத்தி காய்ந்து கிடந்தது. பாய்ச்சிவிடலாமே என்றேன்.

"ஆடு குடிக்க வேணாமா?" என்று குழாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.