வைவாவில் லிக்னோகெயின்: மில்லிகிராமுக்கு முன்னால் நிமிடம்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். இந்த நிம்மதியில் படித்ததெல்லாம் கலைந்து போவதற்குள், அடுத்த பேட்ச் எம்டி மயக்கவியல் ஜூனியர்களுக்காக ஒரே ஒரு தலைப்பை எழுதிவைக்கிறேன். இன்டியூபேஷனின்போது (மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடும்போது) எகிறும் பிரஷரை, மரக்க வைக்கும் மருந்தான லிக்னோகெயினால் அடக்குவது. தியரியில் சிறு குறிப்பாக வரும். லாங் கேஸில் (ஒரு நோயாளியை வைத்து வாய்மொழியாகக் கேட்பது) ஹைப்பர்டென்ஷன், பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பகால ரத்த அழுத்த நோய்), கரோனரி நோய், மூளை அனியூரிசம் (ரத்தக்குழாய் வீக்கம்) என்று எது வந்தாலும் "இன்டக்ஷன் எப்படிப் பண்ணுவீங்க?", அதாவது மயக்கத்தை எப்படித் தொடங்குவீங்க என்ற இடத்தில் இது வந்து நிற்கும்.

டோஸ் எல்லோருக்கும் தெரியும்: கிலோவுக்கு 1.5 மி.கி., ஐவி (ரத்தநாளத்துக்குள்). அதைச் சொன்ன மறுநொடி கேட்பார்கள், "எப்போ கொடுப்பீங்க?" "இன்டக்ஷனுக்கு முன்னால சார்" என்று பதில் சொன்னால் அந்தக் கேள்வி கைவிட்டுப் போனது. மார்க் போவது டோஸில் அல்ல, நேரத்தில். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி நேரத்தைப் பற்றித்தான்.

எனக்கு அட்டவணை மனப்பாடம் ஆகாது, கோடு போட்டால்தான் நிற்கும். ஒரு தாளில் கிடைக்கோடு போடுங்கள். வலது ஓரத்தில் பூஜ்யம்: தொண்டையைத் திறந்து பார்க்கும் லாரிஞ்சோஸ்கோப்பின் பிளேடு வாய்க்குள் நுழையும் நொடி. எல்லா மருந்தையும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வையுங்கள். 60 கிலோ நோயாளி, காலி வயிறு, வெகுரோனியம் (தசையைத் தளர்த்தும் மருந்து) என்று வைத்துக்கொண்டால்:

- மைனஸ் 6 நிமிடம்: ஃபென்டனில் (வலி அடக்கும் மருந்து) கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், 120 மைக்ரோகிராம், அதாவது 2.4 மி.லி.
- மைனஸ் 4½: புரோபோஃபால் (மயக்க மருந்து), கொஞ்சம் கொஞ்சமாக, பேச்சு நிற்கும் வரை. மாஸ்க் வென்டிலேஷன் வருகிறதா என்று பார்ப்பது.
- மைனஸ் 3: வெகுரோனியம் 6 மி.கி., லைனை ஃப்ளஷ் செய்தல். அதன் பின்னாலேயே லிக்னோகெயின் 90 மி.கி., 2% மருந்தில் 4.5 மி.லி., அரை நிமிடத்தில் மெதுவாக.
- இடைப்பட்ட நேரம்: ஆக்சிஜனோடு செவோஃப்ளூரேனோ ஐசோஃப்ளூரேனோ என்ற மயக்க வாயுவை வைத்து பேகிங் (பையை அழுத்தி மூச்சு கொடுப்பது). ஒரு பிரஷர் ரீடிங்.
- பூஜ்யம்: பிளேடு. 15 நொடிக்குள் டியூப் உள்ளே.

ஏன் இந்த இடம்? பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் 90 நொடி என்கின்றன. 1987இல் டோஸை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்த ஆய்வில் 3 நிமிடம் முன்னால் கொடுத்ததுதான் பலன் தந்தது. ஆகவே ஒன்றரை நிமிடத்துக்கும் மூன்று நிமிடத்துக்கும் இடைப்பட்டது என்று சொன்னால் இரண்டு பக்கமும் நிற்கலாம். முப்பது நொடிக்கு முன் கொடுத்தால் மருந்து போய்ச் சேருமுன் பிளேடு போய்விடும். ஆறேழு நிமிடம் முன்பே கொடுத்துவிட்டால், ரத்தத்தில் இருந்த அளவு திசுக்களுக்குப் பிரிந்து இறங்கிவிடும்.

இங்கேதான் தியேட்டர் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. புரோபோஃபால் எரிச்சலுக்காக 20 முதல் 40 மி.கி. லிக்னோகெயின் போடுகிறோம் இல்லையா, அதையே "பிரஷருக்கும் ஆச்சு" என்று நினைத்துக்கொள்கிறோம். டோஸ் பாதிகூட இல்லை. நேரமும் தப்பு, ஏனென்றால் அதன் பிறகு வெகுரோனியத்துக்காக மூன்று நிமிடம் காத்திருக்கிறோம். எக்ஸாமினர் இந்த இரண்டையும் குழப்புகிறோமா என்று குறிவைத்தே கேட்பார். அவர் கேட்பதற்கு முன்பே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

ரேபிட் சீக்வென்ஸ் (வயிறு காலியாக இல்லாதவருக்கு வேகமாக டியூப் போடும் முறை) என்றால் கோடு மாறும். வேகமான தசைத் தளர்த்தியான சக்சினைல்கோலினுக்கு ஒரு நிமிடத்தில் பிளேடு போகிறது, ஆகவே லிக்னோகெயின் ப்ரீஆக்சிஜனேஷனுக்குள்ளேயே (மயக்கத்துக்கு முன் ஆக்சிஜன் கொடுக்கும் நேரத்திலேயே) போயாக வேண்டும். நோயாளி விழித்திருப்பார். உதடு மரத்தது, காதில் இரைச்சல், தலை சுற்றல் என்று சொல்லக்கூடும். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும்.

வயலைப் பற்றி ஒரு வார்த்தை. ஐவிக்கு எடுப்பது பாராபென் (கெடாமல் காக்கும் பொருள்) சேர்க்காத 2% பிளெய்ன், நம் தியேட்டர்களில் சைலோகார்ட் என்று கேட்டு வாங்குவது. அட்ரினலின் கலந்த வயலும் அதே டிரேயில் இருக்கும். 2 லட்சத்துக்கு 1 என்றால் ஒரு மி.லி.யில் 5 மைக்ரோகிராம். 4.5 மி.லி. எடுத்தால் 22.5 மைக்ரோகிராம் அட்ரினலினை, பிரஷரை அடக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே ரத்தநாளத்தில் ஏற்றுகிறோம். லேபிளைப் படித்துவிட்டு ஏற்றுவேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்ஸாமினருக்கு அது பிடிக்கும், அதைவிட நோயாளிக்கு அது தேவை.

பிரஷரை எகிற வைக்கும் நரம்புப் பாதையை, அதாவது ரிஃப்ளெக்ஸ் ஆர்க்கை, வேகமாகச் சொல்கிறேன். மக்கின்டாஷ் பிளேடின் நுனி உட்காரும் வலெக்குலா, நாக்கின் அடிப்பகுதி: குளோசோஃபேரிஞ்சியல். எபிகுளாட்டிஸின் பின்புறத்திலிருந்து கார்டு (குரல்நாண்) வரை: வேகஸின் சுப்பீரியர் லாரிஞ்சியல், உள் கிளை. கார்டுக்குக் கீழே டிராக்கியா: ரெக்கரன்ட் லாரிஞ்சியல். திரும்பி வரும் பாதை சிம்பதெடிக்: தண்டுவடத்தின் டி1 முதல் டி4 வரையிலான கார்டியோ ஆக்சிலரேட்டர் இழைகள், கூடவே அட்ரினல் மெடுல்லா. சில நொடிகளில் தொடங்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சம், ஐந்து முதல் பத்து நிமிடத்தில் அடங்கும். குழந்தைகளில் வேகஸ் மேலோங்கி பிராடிகார்டியாவாகவும் வரும். மனிதர்களில் லாரிஞ்சோஸ்கோப்பியின்போது நடப்பதைப் பதிவு செய்தது 1951இல். தியரியில் அந்த வருடத்தை ஒரு வரியில் போடுங்கள், போதும்.

ஐவி லிக்னோகெயின் எப்படி வேலை செய்கிறது என்றால் ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள். மயக்கத்தை ஆழப்படுத்துகிறது, சுவாசக்குழாய் ரிஃப்ளெக்ஸையும் இருமலையும் மட்டுப்படுத்துகிறது, இதயத் தசையை லேசாக அழுத்துகிறது, ரத்தக்குழாயை விரிக்கிறது. இதைத் தொடர்ந்து "அப்போ முழுசா தடுத்துடுமா?" என்று வரும். தடுக்காது, குறைக்கும். ஆய்வுகள் ஒரே மாதிரி பேசவில்லை. இருமலை அடக்குவதில் அது நம்பகமானது. பிரஷரை அடக்குவதில் ஃபென்டனிலோ எஸ்மோலாலோ பலமானவை, நாடித்துடிப்பில் எஸ்மோலால் இன்னும் தெளிவாக ஜெயிக்கிறது. லிக்னோகெயினைத் தனியாக நம்பாமல் ஃபென்டனிலோடு சேர்த்து வைப்பேன் என்று சொல்வதுதான் நேர்மையான பதில். பிரீஎக்லாம்ப்சியாவில் அது தனியாகப் போதவே போதாது, லாபெடலாலையும் மக்னீசியத்தையும் கோட்டில் போடுங்கள்.

மற்ற மருந்துகளுக்கும் அதே கோடுதான்:
- எஸ்மோலால் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி.: மைனஸ் 2
- லாபெடலால் கிலோவுக்கு 0.25 மி.கி.: மைனஸ் 5 முதல் 10
- டெக்ஸ்மெடெடோமிடின் கிலோவுக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம்: 10 நிமிடம் ஓட்டி, இன்டக்ஷனுக்கு முன் முடிய வேண்டும்

இப்போது டாபிகல், அதாவது மருந்தைத் தொண்டையில் நேரடியாகப் போட்டு மரக்க வைப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. கார்டில் 4% ஸ்பிரே அடிக்க வேண்டுமானால் பிளேடை உள்ளே விட்டாக வேண்டும். எதைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதை அதுவே தூண்டிவிடும். அடித்ததும் டியூபைப் போட்டால் மரப்பு வந்திருக்காது, இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தால் இரண்டாவது லாரிஞ்சோஸ்கோப்பி. ஆகவே அவேக் இன்டியூபேஷனுக்கு (விழித்திருக்கும்போதே டியூப் போடுவது) டாபிகல் உயிர்நாடி, மயக்கத்தில் பிரஷரை மட்டும் அடக்க அது முதல் தேர்வு அல்ல. நெபுலைசேஷனில் 4% மருந்து 4 மி.லி. கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கணிசமான பங்கு காற்றோடு போய்விடும். 10% ஸ்பிரேயை டியூபின் கஃப்பில் (காற்று நிரப்பும் பலூனில்) அடிக்கவே கூடாது, பிவிசி கெட்டு கஃப் கசியும்.

கூட்டல் கணக்கு கட்டாயம் வரும். 10% ஸ்பிரே ஒரு அழுத்துக்கு 10 மி.கி., 4% ஒரு மி.லி.க்கு 40 மி.கி. பத்து அழுத்து, 4 மி.லி. நெபுலைசேஷன், ஐவி 90 என்றால் 350 மி.கி. விழுங்கியதில் பெரும்பகுதியை ஈரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடும். டிராக்கியாவில் விழுந்தது வேகமாக ரத்தத்தில் ஏறும். ஏர்வே டாபிகலுக்கு டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியின் 2019 வழிகாட்டல் மெலிந்த உடல் எடையில் கிலோவுக்கு 9 மி.கி. வரை அனுமதிக்கிறது. அதை ஐவிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஐவியைக் குறைப்பேன் அல்லது விடுவேன் என்று சொல்லுங்கள்.

கொடுக்கக் கூடாத இடங்கள்: பேஸ்மேக்கர் இல்லாத இரண்டாம், மூன்றாம் டிகிரி ஹார்ட் பிளாக் (இதயத்தில் மின்தடை), அமைட் (லிக்னோகெயின் சேர்ந்த மருந்து வகை) அலர்ஜி. கவனமாகக் குறைக்க வேண்டியவை: ஈரல் நோய், இதயச் செயலிழப்பு, புரோபிரனலால் எடுப்பவர், முதுமை.

முதியவரின் கட்டுப்படாத பிரஷரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புரோபோஃபால், ஃபென்டனில், லிக்னோகெயின் மூன்றும் சேர்ந்து முதலில் பிரஷரைப் பாதாளத்தில் தள்ளும், பிளேடு போனதும் அது உச்சிக்குப் பாயும். வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதத்துக்குள் வைத்திருப்பதுதான் இலக்கு. ஆகவே பிரஷரைத் தூக்கும் எஃபெட்ரினோ ஃபினைலெஃப்ரினோ ஏற்றி வைத்த சிரிஞ்சு கையெட்டும் தூரத்தில் இருக்கும் என்று சொல்லுங்கள். பிளேடுக்கு முந்தைய ரீடிங் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் லிக்னோகெயினை விட்டுவிடுவேன் என்று சொல்லவும் தயங்க வேண்டாம், அது தெரிந்தவர் சொல்லும் பதில்.

லிக்னோகெயின் நச்சாகி வலிப்பு வந்தால்: ஊசியை நிறுத்து, உதவி கூப்பிடு, ஆக்சிஜன், மிடாசோலம், 20% லிப்பிட் எமல்ஷன் கிலோவுக்கு 1.5 மி.லி. ஒரு நிமிடத்தில், பின் கிலோவுக்கு மணிக்கு 15 மி.லி., மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி.யைத் தாண்டாமல். லிப்பிட் உங்கள் தியேட்டரில் எந்த அலமாரியில் இருக்கிறது என்றும் கேட்பார்கள்.

கடைசியில் எக்ஸ்டியூபேஷன். கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அங்கும் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி., டியூபை எடுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் முன்னால். இருமலும் பிரஷரும் குறையும். விழிப்பு கொஞ்சம் தள்ளிப்போகலாம். ஏர்வே கடினமாக இருந்த நோயாளிக்கு அந்தத் தாமதம் வேண்டாம்.